அரை விநாடித் தாமதம்

உலகத்தின் சர்வர்கள் ஒரு பெரிய வஞ்சகத்திலிருந்து தப்பிய வரலாறும், அந்த வரலாற்றின் நடுவே தனியாக நின்ற ஒரு பராமரிப்பாளரின் களைப்பும்

2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் பிற்பகுதியில், சான் பிரான்சிஸ்கோ நகரத்தில், ஆண்ட்ரெஸ் ஃப்ரொயண்ட் என்ற நிரலாளர் தம் கணினியைச் சந்தடி அடங்கிய நிலைக்குக் கொண்டுவர முயன்றுகொண்டிருந்தார். ஜெர்மனியில் பிறந்து வளர்ந்து, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பணிபுரியும் அவர், போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளை உருவாக்கும் குழுவில் ஒருவர். அதில் செய்த சில மாற்றங்களால் வேகம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று நுட்பமாக அளக்க வேண்டியிருந்தது. ஆகவே, வீணைக்குச் சுருதி கூட்டுகிறவர் கூடத்தில் இருப்பவர்களின் பேச்சை அடங்கச் சொல்வதுபோல, பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த காரியங்களை அவர் ஒவ்வொன்றாக அமர்த்திக்கொண்டு வந்தார். அப்போது, அடங்கியிருக்க வேண்டிய ஓரிடத்திலிருந்து அடங்காத ஓசை ஒன்று கேட்டது.

தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் நுழைய வருகிறவர்களை விசாரித்து அனுமதிக்கும் வாயிற்காவலன், எஸ்.எஸ்.எச். என்ற மென்பொருள். இணையத்தில் இருக்கும் எந்த சர்வரின் கதவையும் ஊர் பேர் தெரியாத தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் தட்டிக்கொண்டே இருப்பது வழக்கம். இல்லாத பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறவனை வாசலோடு திருப்பி அனுப்புவதற்குக் காவலன் பெரிதாக மெனக்கெட வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சில நாட்களாக, திருப்பி அனுப்பும் அந்த அற்பக் காரியத்துக்கே அவன் மூச்சு வாங்குவதை ஃப்ரொயண்ட் கண்டார். முன்பு 0.299 விநாடியில் முடிந்த வேலைக்கு இப்போது 0.807 விநாடி ஆயிற்று. வித்தியாசம் அரை விநாடி.

வேறொருவராக இருந்தால், கணினி இன்று மந்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்த்திருப்பார். ஃப்ரொயண்டுக்கோ, சில வாரங்களுக்கு முன் பெற்றோரைப் பார்த்துவிட்டு ஜெர்மனியிலிருந்து திரும்பும் விமானப் பயணத்தில், தானியங்கிச் சோதனைகளின் பதிவுகளைப் புரட்டியபோது கண்ணில் பட்ட பிழைச் செய்திகள் சில ஞாபகத்துக்கு வந்தன. நினைவுக் கையாளுகையின் தவறுகளைப் பிடிக்கும் வால்கிரைண்ட் என்ற கருவி முணுமுணுத்த, அப்போது அர்த்தம் விளங்காத அந்தச் செய்திகளையும், இப்போது காணாமற்போன அரை விநாடியையும் அவர் ஒன்றாக வைத்துப் பார்த்தார். நூலைப் பிடித்துக்கொண்டு போனவருக்குக் கடைசியில் அகப்பட்டது, கணினி யுகம் இதுவரை கண்ட சூழ்ச்சிகளில் மிகவும் பொறுமையோடு பின்னப்பட்ட ஒன்று. மார்ச் 29-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, அவர் அதை உலகத்துக்கு அறிவித்தார்.

புழக்கடைக் கதவு

சூழ்ச்சி குடியிருந்த இடம் எக்ஸ்இசட் என்ற சிறு கருவி. பெரிய கோப்புகளை அமுக்கிச் சிறிதாக்குவதும், வேண்டும்போது பழையபடி விரித்துக் கொடுப்பதும் அதன் தொழில். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டும் சணலைப்போல, லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் உலகத்தில் அது எங்கும் இருக்கிறது. அதன் பெயரைச் சொல்லிக் கேட்பவர்தாம் இல்லை. எஸ்.எஸ்.எச்.-ஐ எழுதியவர்களுக்கும் அதற்கும் நேரான சம்பந்தம் கிடையாது. லினக்ஸை மற்ற மென்பொருள்களோடு தொகுத்துத் தரும் டெபியன், ஃபெடோரா முதலிய வழங்கல்கள் தங்கள் வசதிக்காகச் சிஸ்டம்டி என்னும் அமைப்பின் நூலகம் ஒன்றை வாயிற்காவலனோடு பிணைத்திருந்தன. அந்த நூலகம் எக்ஸ்இசட்டைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்தது. சம்பந்தி வீட்டாரின் உறவினர் என்று சொல்லிக்கொண்டு கல்யாணக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்த அந்நியனைப்போல, அது நேரே காவலனின் அருகில் இடம் பிடித்துக்கொண்டது.

அந்த இடத்திலிருந்து செய்யக்கூடியதைக் கள்வர்கள் நன்றாகக் கணக்கிட்டிருந்தார்கள். வருகிறவரின் சாவியைச் சரிபார்க்கும் கட்டத்தில் குறுக்கிட்டு, தங்களிடம் மட்டுமே உள்ள ஒரு ரகசியச் சாவியோடு வருகிறவர் எந்தக் கட்டளையிட்டாலும் கேள்வி கேட்காமல் நிறைவேற்றும்படி ஒரு புழக்கடைக் கதவை, நிரலாளர்களின் பேச்சில் ‘பேக்டோர்’ என்பதை, அவர்கள் அமைத்திருந்தார்கள். மற்ற எவர் வந்தாலும் கதவு இருப்பதே தெரியாது.

அதை ஒளித்து வைத்த விதத்தைக் கொஞ்சம் அருகில் சென்று பார்க்க வேண்டும். கோப்புகளை அமுக்கி விரிக்கும் கருவி, கெட்டுப்போன கோப்பு ஒன்று வந்தால் தடுமாறி விழாமல் தாங்குகிறதா என்று சோதிப்பதற்காக, வேண்டுமென்றே கெடுத்துவைத்த கோப்புகள் அதன் கிடங்கில் இருப்பது இயல்பு. கெட்ட கோப்பு என்று பெயர் எழுதி வைத்திருப்பதைத் திறந்து படிக்க எவர் முயல்வார்? நஞ்சு அந்தப் பெயரின் மறைவில் இருந்தது. அதை வெளியே எடுத்துச் சேர்க்கும் வரியோ, உலகம் முழுவதும் பார்க்கும்படி பகிரங்கமாகக் கிடந்த மூலநிரலில் இல்லை. வெளியீட்டுக்கென்று தனியாகக் கட்டிவைத்த பொதியில் மட்டும் இருந்தது. அதுவும், டெபியன், ஃபெடோரா போன்ற வழங்கல்களுக்கான நிறுவல் பொதிகளாக அதைக் கட்டும்போது மாத்திரம் விழித்துக்கொள்ளும். ஆர்வத்தால் தாமே கட்டிப் பார்க்கும் மாணவர் ஒருவரின் கணினியில் ஒன்றும் அறியாததுபோல் உறங்கும்.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தை விட்டு நீங்காதது ஒரு புள்ளி. ஒரு நிரல் தனக்கு விதித்த எல்லையைத் தாண்டாதபடி லினக்ஸ் போடும் வேலிக்கு லேண்ட்லாக் என்று பெயர். அந்த வேலி கிடைக்குமா என்று முன்கூட்டியே சோதித்துப் பார்க்கும் சில வரிகளின் இடையே, தனி வரியில், ஒரே ஒரு புள்ளி வைக்கப்பட்டிருந்தது. அதனால் சோதனை வரிகள் பிழையாகும். பிழையானால், இந்தக் கணினியில் வேலி இல்லை என்று கருவி முடிவு செய்துகொண்டு மேலே போய்விடும். புள்ளியிடாமல் எழுதிய ஓலைச்சுவடிகளோடு போராடி, எது மெய், எது உயிர்மெய் என்று தெளிய நாட்கணக்கில் கண்விழித்த நம் பதிப்பாசிரியர்கள், ஒரு புள்ளி இல்லாமையால் விளையும் துன்பத்தை அறிந்தவர்கள். புள்ளி ஒன்று இருந்ததனால் விளைய இருந்த துன்பம் இது. மாற்றத்தைப் பார்வையிடும் கண்ணுக்கு அது திரையில் ஒட்டிய தூசிபோலத்தான் தோன்றியிருக்கும்.

கள்வர் கண்ட களைப்பு

எக்ஸ்இசட்டை உருவாக்கிப் பேணி வந்தவர் பின்லாந்து நாட்டின் லாசே கோலின். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக, ஊதியம் எதுவும் இல்லாமல், ஓய்வு நேரத்தில், பெரும்பாலும் ஒற்றை ஆளாகவே அந்தக் காரியத்தை அவர் செய்து வந்தார். திறமூல மென்பொருளின் உலகத்தில் இது விசேஷமான ஏற்பாடு இல்லை. ஒருவர் தமக்குத் தேவைப்பட்டது என்றோ, செய்து பார்ப்பதில் உள்ள ஆனந்தத்துக்காகவோ ஒன்றை எழுதி, எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைக்கிறார். பத்துப் பேர் எடுத்துக்கொள்ளும்வரை அது இன்பம். லட்சக்கணக்கான கணினிகள் அதன்மேல் நிற்கத் தொடங்கிய பிறகு, பகல் முழுவதும் ஜீவனத்துக்காக வேறிடத்தில் உழைத்துவிட்டு, இரவில் வீடு திரும்பி, முகம் தெரியாதவர்களின் குறைகளையும் கேள்விகளையும் கோபங்களையும் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவது அவருடைய நித்திய கருமம் ஆகிவிடுகிறது.

2021-ஆம் ஆண்டில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து சேர்ந்தார். பேட்ச் எனப்படும் சிறு சிறு திருத்தங்களை அனுப்பினார். அவை நன்றாகவே இருந்தன. அடுத்த ஆண்டு, ஜிகர் குமார், டென்னிஸ் என்ஸ் என்ற பெயர்களில் சிலர் மின்னஞ்சல்களில் தோன்றி, வேலை மெதுவாக நடக்கிறது, அனுப்பிய பேட்ச்கள் காத்துக்கிடக்கின்றன, புதிய பராமரிப்பாளர் வந்தாலொழிய இனி முன்னேற்றம் இல்லை என்று திரும்பத் திரும்ப வற்புறுத்தினார்கள். அந்தப் பெயர்களுக்கு உரியவர்களின் சுவடு வேறெங்கும் கிடைக்காததனால், கோலினை நெருக்குவதற்கென்றே உருவாக்கப்பட்ட முகமூடிகள் அவை என்று ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள்.

கோலின் பதில் எழுதினார். ஆர்வம் போய்விடவில்லை என்றும், நீண்ட நாளைய மனநலச் சிரமங்களாலும் வேறு காரணங்களாலும் இதில் கவனம் செலுத்தும் சக்தி தமக்குக் குறைந்திருக்கிறது என்றும், இது ஊதியமில்லாமல் பொழுதுபோக்காகச் செய்யும் காரியம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும் என்றும் 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் எழுதியது, எவரும் படிக்கக்கூடிய பகிரங்கமான இடத்தில்தான் இருக்கிறது. ஒரு மனிதர் தம் அந்தரங்கத்தைத் திறந்து, என்னால் முடியவில்லை என்று நாகரிகமாகச் சொன்ன வார்த்தைகள் அவை. அவருடைய உழைப்பின்மேல் தங்கள் வியாபாரத்தைக் கட்டியிருந்த பெரும் நிறுவனங்களில் ஒன்றிலிருந்தும், உமக்கு என்ன உதவி வேண்டும் என்று கேட்டு எவரும் அப்போது வந்ததாகத் தெரியவில்லை. அந்தக் களைப்பைக் கண்டுகொண்டவர்கள் கள்வர்கள் மாத்திரமே. கண்டவுடன், சுமையை நான் சற்றுத் தாங்குகிறேன் என்று சொல்லித் தோள் கொடுத்தவரும் அவர்களுடைய ஆளே.

இந்த இடத்தில் கோலினைக் குறை சொல்கிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். முன்பின் தெரியாதவரை எப்படி நம்பலாம் என்பது அவர்கள் வாதம். ஆனால் திறமூலச் சமூகம் முழுவதும் முன்பின் தெரியாதவர்களை நம்பியே எழுந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை வெளியிட்டபோது, அதைத் திருத்தி அனுப்பியவர்களின் குலம் கோத்திரம் விசாரிக்கப்படவில்லை; அவர்கள் அனுப்பிய வரிகள் பேசின. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஒழுங்காக உழைத்துக் காட்டிய ஒருவரை நம்பியது குற்றமாகுமானால், கூட்டு முயற்சி என்ற சொல்லையே நாம் அகராதியிலிருந்து எடுத்துவிட நேரும்.

■ பெட்டிச் செய்தி: ஒரு வஞ்சகத்தின் நாட்குறிப்பு

2021 அக்டோபர்: ஜியா டான் எக்ஸ்இசட்டுக்கு முதல் பேட்ச் அனுப்புகிறார்.
2022 ஏப்ரல் முதல் ஜூன் வரை: புதிய பராமரிப்பாளர் வேண்டும் என்ற நெருக்கடி.
2023: மாற்றங்களை நேரே சேர்க்கும் உரிமை ஜியா டானிடம் இருக்கிறது, பிழை கண்டால் தெரிவிக்க வேண்டிய முகவரியும் அவருடையதாகிறது.
2024 பிப்ரவரி 24: நஞ்சு கலந்த 5.6.0 வெளியீடு.
2024 மார்ச் 9: வால்கிரைண்டின் முணுமுணுப்பை அடக்குவதற்கான திருத்தங்களோடு 5.6.1 வெளியீடு.
2024 மார்ச் 29: ஃப்ரொயண்டின் அறிவிப்பு. இந்தக் குறைக்குத் தரப்பட்ட எண் சி.வி.இ-2024-3094, அபாயத்தின் அளவு 10-க்கு 10.

கதவு திறந்திருந்தால்

நஞ்சு கலந்த பதிப்பு அதற்குள் டெபியனின் சோதனைப் பிரிவுகளிலும், ஃபெடோராவின் முன்னோட்டப் பதிப்புகளிலும், ஓப்பன்சூசே டம்பிள்வீடிலும், காலி லினக்ஸிலும் புகுந்துவிட்டது. உபுண்டு 24.04, ஃபெடோரா 40 ஆகிய இரண்டும் ஏப்ரல் மாதத்தில் வெளிவர இருந்தன; அவற்றில் இந்தப் பதிப்பு இடம்பெற வேண்டும் என்று கள்வர் தரப்பு வழங்கல்காரர்களிடம் வற்புறுத்திக்கொண்டும் இருந்தது. இன்னும் சில வாரங்கள் கழிந்திருந்தால், நிறுவனங்களும் வங்கிகளும் பல்கலைக்கழகங்களும் ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் வைத்திருக்கும் நிலையான பதிப்புகளுக்குள் அது இறங்கியிருக்கும். உபுண்டு நிர்வாகிகள் தங்கள் முன்னோட்ட வெளியீட்டை ஒரு வாரம் தள்ளிவைத்து, எல்லாப் பொதிகளையும் புதிதாகக் கட்டினார்கள். தரமணியிலோ சோழிங்கநல்லூரிலோ அந்த ஈஸ்டர் வாரக் கடைசியில் தொலைபேசி அழைப்பு வந்து, எந்தெந்த சர்வரில் எக்ஸ்இசட்டின் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த நிர்வாகிகளுக்கு, தாங்கள் எதிலிருந்து தப்பினோம் என்பது நன்றாகத் தெரியும்.

ஜியா டான் யார் என்பது இன்றளவும் நிறுவப்படவில்லை. அவருடைய மாற்றங்களில் பெரும்பாலானவை கிழக்கு ஆசியாவின் நேரத்தைக் காட்டுகின்றன. சிற்சில இடங்களில் மட்டும் கிழக்கு ஐரோப்பாவின் நேரம் எட்டிப் பார்க்கிறது. இத்தனை ஆண்டுக்காலப் பொறுமைக்குப் பின்னால் ஓர் அரசாங்கம் இருக்கக்கூடும் என்பது பாதுகாப்பு நிபுணர் பலரின் அனுமானம்.

கதவு மூடப்பட்டது; ஆனால் அதைவிட நீடித்த சேதம் ஒன்று நிகழ்ந்திருக்கிறது. அதே ஏப்ரல் மாதத்தில், ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்களைப் பேணும் ஓப்பன்ஜேஎஸ் அறக்கட்டளை, தங்களிடமும் இதே மாதிரி அவசரப்படுத்திப் பொறுப்பைக் கேட்கும் மின்னஞ்சல்கள் வந்திருப்பதாகப் பகிரங்கமாக எச்சரித்தது. இப்போது ஒரு கல்லூரி மாணவி முதன்முதலாக ஒரு பேட்ச் அனுப்பினால், அதை வாங்குகிறவர் மனத்தில் மகிழ்ச்சிக்கு முன்னால் சந்தேகம் எழுகிறது. இவளும் ஒரு முகமூடியோ? உதவி செய்ய ஆள் இல்லாமல் தவிக்கிறவரே, உதவ வந்தவரைப் பார்த்து அஞ்ச வேண்டிய நிலை வந்துவிட்டது. தனிமையைப் பயன்படுத்திச் செய்த குற்றம் தனிமையை இன்னும் ஆழமாக்கிவிட்டதே என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

ஸ்வீடன் நாட்டின் டேனியல் ஸ்டென்பர்க் 1998 முதல் கர்ல் என்ற கருவியைப் பேணி வருகிறவர். இணையத்தின் வழியே தரவை எடுத்துச் செல்லும் அந்தக் கருவி, தொலைபேசிகளிலும் கார்களிலும் தொலைக்காட்சிப் பெட்டிகளிலும் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதிய, பார்ப்பதற்குப் புலமை நிறைந்த, உள்ளே ஒன்றுமில்லாத பொய்ப் பிழை அறிக்கைகள் வந்து குவிந்து தம் குழுவின் நேரத்தைத் தின்பதை 2024 முதல் அவர் வெளிப்படையாக எழுதி வருகிறார். மெய்யான பிழை ஒன்று அந்தக் குவியலில் இருந்துவிடக்கூடாதே என்பதற்காக ஒவ்வொன்றையும் சிரத்தையோடு படித்தாக வேண்டும். களைத்தவரை மேலும் களைக்கச் செய்ய இப்போது கள்வன்கூடத் தேவையில்லை.

யார் கொடுப்பது?

இந்த உழைப்புக்குக் கூலி யார் கொடுப்பது என்ற கேள்வி புதிதன்று. 2014-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற குறை வெளிப்பட்டபோது, உலகத்தின் வங்கிக் கணக்குகளையும் கடவுச்சொற்களையும் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருள், ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர் நன்கொடையில், முழுநேரமாக ஒரே ஒருவரை வைத்துக்கொண்டு நடந்து வந்தது தெரிந்து உலகம் திகைத்தது. லினக்ஸ் அறக்கட்டளை நிதி திரட்டியது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் பெரிய ஓட்டை வெளிப்பட்டபோதும், அதை அடைக்க இரவும் பகலும் உழைத்தவர்கள் தன்னார்வலர்களே. மறுபடியும் திகைத்தோம்.

■ பெட்டிச் செய்தி: மதிப்பும் கூலியும்

ஹார்வர்ட் வணிகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பரவலாகப் பயன்படும் திறமூல மென்பொருளை ஒருமுறை புதிதாக எழுதுவதற்கு ஆகும் செலவு 415 கோடி டாலர். அது இல்லாமல் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு வேண்டியதைத் தானே எழுதிக்கொள்ள நேர்ந்தால் ஆகும் செலவு 8.8 லட்சம் கோடி டாலர்.
பராமரிப்பாளர்களிடம் டைட்லிஃப்ட் என்ற நிறுவனம் 2023-இல் நடத்திய கணிப்பில், தங்கள் பணிக்கு ஊதியம் பெறுவதில்லை என்று சொன்னவர்கள் 60 சதவீதம்.

சில நல்ல காரியங்கள் நடக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஜெர்மன் அரசாங்கம் 2022-இல் ஒரு நிதியத்தை ஏற்படுத்தி, சாலைக்கும் பாலத்துக்கும் செலவிடுவதுபோல இத்தகைய அடிப்படை மென்பொருள்களுக்கும் பொதுப்பணத்தைக் கொடுத்து வருகிறது. நம் நாட்டில், பெங்களூரின் ஜெரோதா நிறுவனம் 2024 அக்டோபரில், உலகெங்கும் உள்ள திறமூலத் திட்டங்களுக்கு ஆண்டுதோறும் 10 லட்சம் டாலர் வழங்கும் நிதியத்தைத் தொடங்கியது. இந்த மென்பொருள்களைக் கொண்டு ஐசுவரியம் அடைந்த இந்திய நிறுவனங்கள் இன்னும் எத்தனையோ இருக்க, ஒன்றாவது முன்வந்ததே என்று ஆறுதல் கொள்ளலாம். 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்து 2027-இல் முழுமையடையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம், பொருளை விற்கிற நிறுவனமே அதற்குள் இருக்கும் திறமூலப் பகுதிகளின் பாதுகாப்புக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது; வியாபார நோக்கமின்றி எழுதிக் கொடுத்தவர்மேல் அந்தப் பாரத்தைச் சுமத்தவில்லை. நியாயம் இந்தத் திசையில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் பணம் ஒன்றே போதும் என்று நினைப்பது கோலினின் கடிதத்தைச் சரியாகப் படிக்காததன் விளைவு. அவர் அதில் பணம் கேட்கவில்லை. சக்தி குறைந்துவிட்டது என்றார். அதற்கு மருந்து, மாதம் ஒருமுறை வங்கியில் விழும் தொகையோடு, இரண்டாவது ஜோடிக் கண்கள், கோபக்காரருக்குப் பதில் எழுத இன்னொரு கை, ஒரு மாதம் ஓய்வெடுத்துக்கொள்ளும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லும் ஒரு நம்பகமான குரல். ஒரு பெரிய நிறுவனம் தன் பொறியாளர் ஒருவருக்கு வாரத்தில் ஒரு நாள், நாம் பயன்படுத்தும் இன்ன மென்பொருளின் பராமரிப்பாளருக்குத் துணையாயிரு என்று சொல்லி அனுப்பினால் போதும்.  ஃப்ரொயண்ட்கூட இந்தக் கதவைத் தேடும்படி எவராலும் பணிக்கப்படவில்லை. தம் தொழிலில் அவருக்கிருந்த சிரத்தையும், அதைத் தொடர்ந்து செல்ல அவருக்குக் கிடைத்த அவகாசமுமே அந்த அரை விநாடியைக் கேட்க வைத்தன.

செய்தி வெளிவந்தவுடன், திறமூல நிரல்களை வைத்துப் பேணும் கிட்ஹப் தளம் எக்ஸ்இசட்டின் கிடங்கையும் கோலினின் கணக்கையும் சேர்த்தே முடக்கியது. பிறகு திருப்பிக் கொடுத்தது. தம் வீட்டில் தம்மோடு உழைத்தவர் எவர் என்று தெரியாமல் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஏமாற்றப்பட்ட அந்த மனிதர், எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போயிருந்தால் எவரும் அவரைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது. அவர் போகவில்லை. ஜியா டானின் கை பட்ட மாற்றங்களைப் பின்னோக்கிச் சரிபார்த்து, நஞ்சை நீக்கி, மே 29-ஆம் தேதி 5.6.2 பதிப்பை வெளியிட்டார். அதற்கு முன்பே, உலகம் முழுவதும் அவருடைய பெயரைப் பேசிக்கொண்டிருந்த மார்ச் 30-ஆம் தேதியன்று, லேண்ட்லாக் சோதனையின் வரிகளைத் திறந்து, அங்கே தனி வரியில் நின்ற புள்ளியை அவர் எடுத்துவிட்டிருந்தார்.